ரயிலைப்போல் ஓடும் பேருந்து: எல்லாம் கதவின் கையில்

விரைவுப் பேருந்து என்றதும் நம்மில் பலருக்கு ஈப்போவுக்கும் பினாங்குக்கும் ஜொகூர் பாருவுக்கும் போகும் எக்ஸ்பிரஸ் பேருந்துகள்தான் நினைவுக்கு வரும். இந்த வாரம் நாம் பார்க்கப்போவது வேறொன்று. நகரத்துக்குள்ளேயே, மற்ற வாகனங்கள் நுழைய முடியாத தனித்தடத்தில், நிலையத்துக்கு நிலையம் ரயிலைப்போல் நின்று நின்று போகும் பேருந்துச் சேவை அது. ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து இதை பி.ஆர்.டி. என்று அழைக்கிறார்கள்.

நம் நாட்டில் இதைப் பார்க்க வேண்டுமானால் சன்வேக்குப் போக வேண்டும். 2015 ஜூன் மாதம் தொடங்கிய சன்வே பி.ஆர்.டி. தடம் 5.4 கிலோமீட்டர் நீளம் கொண்டது. தூண்களின் மேல் கட்டிய பாதை. மொத்தம் 7 நிலையங்கள். ஒரு முனையான செத்தியா ஜெயாவில் கே.டி.எம். கொமுட்டர் ரயிலுக்கு மாறலாம். மறுமுனையான யூ.எஸ்.ஜே. 7இல் கிளானா ஜெயா எல்.ஆர்.டி. ரயிலைப் பிடிக்கலாம். நடுவில் பல்கலைக்கழகம், மருத்துவமனை, நீர்க்கேளிக்கைப் பூங்கா என ஆள்நடமாட்டம் மிகுந்த இடங்கள். மின்சாரப் பேருந்துகளோடு தொடங்கிய சேவை இது.

இப்படிப்பட்ட சேவையைப் பற்றிப் பேச்சு எழுந்தால், முதலில் வரும் கேள்விகள் இரண்டு. மின்சாரமா, டீசலா? எவ்வளவு வேகத்தில் போகும்? நல்ல கேள்விகள்தாம். ஆனால், பயணிக்கு எத்தனை நிமிடம் பிடிக்கும், யாரெல்லாம் ஏற முடியும் என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்பவை வேறு மூன்று: கதவு, தரையின் உயரம், மேடைக்கும் பேருந்துக்கும் நடுவே உள்ள இடைவெளி. இந்த மூன்றையும் ஒரு நகரம் தொடக்கத்திலேயே சரியாக முடிவு செய்துவிட வேண்டும். காங்கிரீட் கொட்டி நிலையம் கட்டிய பிறகு மாற்றுவது எளிதல்ல.

வேகத்தைக் கூட்டினால் என்ன ஆகும்?

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம். படிவம் 4 இயற்பியல் போதும்.

10 கிலோமீட்டர் நீளமான ஒரு தடம். அரை கிலோமீட்டருக்கு ஒரு நிறுத்தம் என மொத்தம் 20 நிறுத்தங்கள். நின்றுகொண்டு பயணம் செய்பவர்கள் தடுமாறி விழாமல் இருக்க, பேருந்தின் வேகம் நொடிக்கு நொடி ஏறத்தாழ 1 மீட்டர்/வினாடி என்ற அளவுக்குள்தான் கூடவோ குறையவோ வேண்டும். இதுதான் முடுக்கத்தின் வரம்பு. எஞ்சின் எவ்வளவு சக்தி வாய்ந்ததாக இருந்தாலும் இந்த வரம்பைத் தாண்டக் கூடாது. ஏனென்றால் அது எஞ்சினின் வரம்பு அல்ல, மனித உடலின் வரம்பு.

இந்த முடுக்கத்தில் பேருந்து மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தை எட்ட 14 வினாடி ஆகும். அதற்குள் கிட்டத்தட்ட 96 மீட்டர் ஓடியிருக்கும். மறுபடி நிறுத்தவும் அதே அளவு நேரமும் தூரமும் வேண்டும். ஆக, ஒரு நிறுத்தத்திலிருந்து அடுத்த நிறுத்தத்துக்குப் போக ஏறக்குறைய 50 வினாடி.

இப்போது உச்ச வேகத்தை மணிக்கு 60 கிலோமீட்டராக உயர்த்துவோம். அதே தூரத்துக்கு ஏறக்குறைய 47 வினாடி ஆகிறது. ஒரு நிறுத்தத்துக்கு 3 வினாடிதான் மிச்சம். 20 நிறுத்தங்களுக்கும் சேர்த்தால் ஒரு நிமிடம் சொச்சம். வேகத்தை உயர்த்திய பலன் முழுவதும் அவ்வளவே!

அடுத்து, வேகத்தைத் தொடாமல் விட்டுவிட்டு, நிறுத்தத்தில் நிற்கும் நேரத்தை மட்டும் 45 வினாடியிலிருந்து 15 வினாடியாகக் குறைப்போம். ஒரு நிறுத்தத்துக்கு 30 வினாடி மிச்சம். 20 நிறுத்தங்களுக்கு 600 வினாடி. அதாவது முழுசாக 10 நிமிடம்!

இந்தப் பலன் பயணிக்கு மட்டும் உரியதன்று. 45 வினாடி நிற்கும் பேருந்து, போய்த் திரும்ப 63 நிமிடத்துக்குச் சற்று அதிகமாக எடுக்கும். 4 நிமிடத்துக்கு ஒரு பேருந்து விட வேண்டுமானால் 16 பேருந்துகள் தேவை. 15 வினாடி மட்டும் நின்றால் போய்த் திரும்ப 43 நிமிடம் சொச்சம். 11 பேருந்துகள் போதும். ஐந்து பேருந்துகளின் விலையும் ஐந்து ஓட்டுநர்களின் வேலை நேரமும் வேறு தடத்துக்குப் பயன்படும். இவ்வளவும் கதவருகே மிச்சமான வினாடிகளிலிருந்து வந்தவை.

கதவருகே கரையும் நேரம்

நிறுத்தத்தில் நேரம் எப்படிக் கரைகிறது? சாதாரணப் பேருந்தில் நாம் ஏறும் விதத்தை நினைத்துப் பாருங்கள். முன்கதவில் வரிசை. படியேற வேண்டும். ஓட்டுநர் பக்கத்தில் உள்ள கருவியில் அட்டையைத் தொட வேண்டும். ஒருவருடைய அட்டையில் பணம் போதவில்லை என்றால் பின்னால் நிற்பவர்கள் எல்லாரும் காத்திருக்க வேண்டும்.

ஒருவர் ஏற 3 வினாடி என்று வைத்துக்கொள்வோம். 60 பேர் ஒரே கதவில் ஏற 180 வினாடி. இப்போது கட்டணத்தை நிலையத்தின் நுழைவாயிலிலேயே வாங்கிவிட்டு, படியில்லாமல், மூன்று கதவுகளில் ஏறவிட்டால்? ஒருவருக்கு ஒன்றரை வினாடி என்றாலும், கதவுக்கு 20 பேர், 30 வினாடியில் வேலை முடிந்தது.

இதை முதலில் பெரிய அளவில் செய்து காட்டியது பிரேசில் நாட்டின் குரிச்சிபா நகரம். அங்கே மேயராக இருந்த கட்டடக் கலைஞர் ஜைமி லெர்னர் 1974இல் பேருந்துக்கெனத் தனித்தடம் அமைத்தார். தடம் மட்டும் போதவில்லை என்பது ஓட்டத்தில் தெரிந்தது. 1991இல் அந்நகரம் கண்ணாடிக் குழாய்போன்ற நிலையங்களைக் கட்டியது. குழாயின் ஒரு முனையில் கட்டணம் செலுத்தி உள்ளே போனால், அதன் தரையும் பேருந்தின் தரையும் ஒரே உயரம். பேருந்து வந்து நின்றதும் கதவுகளிலிருந்து சிறு பாலங்கள் சாய்ந்து குழாயின் விளிம்பில் அமரும். பயணிகள் அதன்மேல் நடந்து உள்ளே போவார்கள். ரயில் நிலையத்தில் நடப்பதையே பேருந்துக்குக் கொண்டுவந்த ஏற்பாடு இது.

கதவுகளின் எண்ணிக்கையைப்போலவே அவற்றின் அகலமும் முக்கியம். இருவர் தோளோடு தோள் உரசாமல் போகும் அளவுக்கு அகலம் இருந்தால், ஒரு கதவு இரண்டு கதவின் வேலையைச் செய்யும். அதைவிடச் சற்றே குறுகினால், இருவர் போக முடியாமல் ஒருவர் பின் ஒருவராகத்தான் போக வேண்டும். பத்து சென்டிமீட்டர் குறைந்தால்கூடப் பயன் பாதியாகிவிடக்கூடும். கதவு திறக்கும் முறையும் கவனிக்கத்தக்கது. உள்பக்கம் மடங்கித் திறக்கும் கதவு, நெரிசல் நேரத்தில் படியருகே நிற்பவர்மேல் இடிக்கும். வெளிப்பக்கம் தள்ளித் திறக்கும் கதவு மேடையின் விளிம்பில் முட்டாதவாறு உயரத்தைக் கணக்கிட வேண்டும்.

இரண்டு மாடிப் பேருந்து விட்டால் அதிகம் பேர் போகலாமே என்று கேட்கலாம். உட்கார்ந்து நெடுந்தூரம் போகிறவர்களுக்கு அது ஏற்றதுதான். ஆனால், அரை கிலோமீட்டருக்கு ஒருமுறை நிற்கும் தடத்தில், மாடியிலிருந்து இறங்கி வருபவருக்காகக் கதவு காத்திருக்க வேண்டும். மாடிப்படியும் ஒரு குறுகிய கதவுதான். அதனால்தான் பி.ஆர்.டி. தடங்களில் பேருந்து பெரும்பாலும் மேல்நோக்கி வளராமல் நீளத்தில் வளர்ந்திருக்கிறது.

தாழ்ந்த தரையா, உயர்ந்த தரையா?

அடுத்தது தரை. இதில் இரண்டு வழிகள் உள்ளன.

ஒன்று தாழ்தரைப் பேருந்து. சாலையிலிருந்து ஏறக்குறைய 30 முதல் 35 சென்டிமீட்டர் உயரத்தில் தரை இருக்கும். மேடையும் ஒரு நடைபாதை அளவுக்கு உயர்ந்தால் போதும். தடத்தைவிட்டு வெளியே வந்து சாதாரணச் சாலையிலும் ஓடலாம். குறை என்ன? பேருந்துச் சக்கரத்தின் விட்டம் கிட்டத்தட்ட ஒரு மீட்டர். தரை தாழ்ந்தால் சக்கரம் பயணிகள் இருக்கும் இடத்துக்குள் எட்டிப் பார்க்கும். பேருந்துக்குள் சக்கரங்களுக்கு மேல் பெட்டிபோல் மூடிவைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த இடத்தில் கதவு வைக்க முடியாது, நடைவழியும் குறுகும்.

இன்னொன்று உயர்தரைப் பேருந்து. தரை ஒரு மீட்டர் அளவுக்கு உயர்ந்திருக்கும். சக்கரம், எஞ்சின் எல்லாம் கீழே அடங்கிவிடும். உள்ளே முழுக்க ஒரே சமதளம். கதவை வேண்டிய இடத்தில் வைக்கலாம். கொலம்பியாவின் பொகோட்டா நகரில் 2000 டிசம்பரில் தொடங்கிய டிரான்ஸ்மிலேனியோவும், நம் அண்டை நாட்டுத் தலைநகரில் 2004இல் தொடங்கிய டிரான்ஸ்ஜகார்த்தாவும் இந்த வழியைத்தான் எடுத்தன. ஜகார்த்தாவுக்குப் போயிருப்பவர்கள், சாலை நடுவே நடைமேம்பாலத்தில் ஏறிப்போய் அடையும் உயர்ந்த மேடைகளைப் பார்த்திருப்பார்கள்.

உயர்தரையின் விலை வேறு இடத்தில் தெரியும். நடுவழியில் பேருந்து பழுதாகி நின்றால், பயணிகள் ஒரு மீட்டர் உயரத்திலிருந்து இறங்க வேண்டும். மேடையில்லாத சாலைக்கு அந்தப் பேருந்து போனால் யாரும் ஏற முடியாது.

சன்வே தடம் தொடங்கியபோது ஓடிய பி.ஒய்.டி. கே9 வகைப் பேருந்து தாழ்தரை வகையைச் சேர்ந்தது. 12 மீட்டர் நீளம். இதில் ஒரு சிறப்பு உண்டு. டீசல் பேருந்தில் எஞ்சினிலிருந்து சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோக, அச்சின் நடுவே பெரிய பல்சக்கரப் பெட்டி இருக்கும். அதற்கு இடம்விடத் தரையை உயர்த்த வேண்டியிருக்கும். கே9 பேருந்தில் மின்மோட்டார்கள் பின்சக்கரங்களின் குடத்திலேயே பொருத்தப்பட்டிருக்கின்றன. நடுவில் பெட்டியில்லை. ஆக, மின்சாரப் பேருந்தின் நன்மை புகை இல்லாததோடு முடிவதில்லை. தரையைத் தாழ்த்தவும் அது வழிவிடுகிறது.

கதவு எந்தப் பக்கம்?

கேட்பதற்கு விளையாட்டாகத் தோன்றும் இந்தக் கேள்வி, பல நகரங்களின் போக்குவரத்தையே கட்டிப்போட்டிருக்கிறது.

நாம் சாலையின் இடப்பக்கம் ஓட்டுகிறோம். நம் பேருந்துகளுக்குக் கதவும் இடப்பக்கம். நடைபாதை அங்கேதான் இருக்கிறது. ஆனால், பி.ஆர்.டி. தடத்தைச் சாலையின் நடுவில் அமைத்து, இரு திசைக்கும் பொதுவாக ஒரே மேடையை நடுவில் கட்டினால், மேடை பேருந்தின் வலப்பக்கம் வந்துவிடும். ஒரே மேடை என்றால் செலவு குறைவு, இடமும் குறைவு. ஆனால் கதவு வலப்பக்கம் வேண்டும்.

நம்மைப்போலவே இடப்பக்கம் ஓட்டும் இந்தியாவில், அகமதாபாத் நகரம் 2009இல் தொடங்கிய ஜன்மார்க் சேவைக்கு நடுச்சாலை மேடைகளைக் கட்டியது. அதற்கேற்ப வலப்பக்கக் கதவு கொண்ட பேருந்துகளையும் ஓட்டியது.

துருக்கியின் இஸ்தான்புல் 2007இல் எடுத்த வழி வேறு. நெடுஞ்சாலையின் நடுவே மேடை. கையில் இருந்ததோ வலப்பக்கம் மட்டும் கதவுள்ள பேருந்துகள். துருக்கியில் வாகனங்கள் சாலையின் வலப்பக்கம் ஓடுபவை. அப்படியே ஓடினால் கதவு மேடைக்கு எதிர்ப்பக்கம் திறக்கும். எனவே, அந்தத் தனித்தடத்துக்குள் மட்டும் பேருந்துகளை இடப்பக்கமாக, அதாவது நாட்டின் வழக்கத்துக்கு நேர்மாறாக ஓடவிட்டார்கள். கதவை மாற்றுவதற்குப் பதில் திசையை மாற்றிக்கொண்டார்கள்.

பொகோட்டாவில் கதவுகள் இடப்பக்கம், அதுவும் உயரத்தில். அதனால் அந்தப் பேருந்துகள் தடத்தைவிட்டு வெளியே வர முடியாத நிலை. பின்னாளில் இரண்டு வகைக் கதவும் உள்ள பேருந்துகளை வாங்கினார்கள். நிலையத்துக்கு இடப்பக்கம் உயர்ந்த கதவுகள். சாதாரணச் சாலைக்கு வலப்பக்கம் படிகளோடு தாழ்ந்த கதவுகள். வேலை நடக்கிறது. ஆனால், இரு பக்கமும் கதவு வைத்தால் இருக்கைகள் குறையும்; பழுதுபார்க்க வேண்டியவையும் கூடும்.

அந்தப் பத்து சென்டிமீட்டர்

கதவும் தரையும் சரியாக அமைந்தாலும், பேருந்துக்குத் தண்டவாளம் கிடையாது. ரயில் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில், அதே இடைவெளியில் நிற்கும். பேருந்து நிற்கும் இடம் ஓட்டுநரின் கையில் இருக்கிறது. மேடையில் உரசினால் டயரின் பக்கச்சுவர் தேயும், கண்ணாடி உடையும் என்பதால் எந்த ஓட்டுநரும் சற்றுத் தள்ளியே நிறுத்தப் பார்ப்பார்.

அந்தச் சற்று என்பது எவ்வளவு? 5 சென்டிமீட்டர் என்றால் பெரும்பாலோர் கவனிக்கவே மாட்டார்கள். 15 சென்டிமீட்டர் என்றால், சக்கர நாற்காலியின் சிறிய முன்சக்கரம் அதில் இறங்கிவிடும். குழந்தைத் தள்ளுவண்டியும் மாட்டிக்கொள்ளும். முழங்கால் வலியுள்ள பாட்டி குனிந்து பார்த்து, கைப்பிடியைத் தேடி, பிறகுதான் காலை எடுத்து வைப்பார். அவருக்குப் பின்னால் நிற்கும் பத்துப் பேரும் அவருடைய வேகத்தில்தான் ஏற முடியும்.

இங்கேதான் நேரக் கணக்கும் நியாயக் கணக்கும் ஒன்றுசேர்கின்றன. இடைவெளி இருந்தால் சாய்தளப் பலகை வேண்டும். ஓட்டுநர் இருக்கையைவிட்டு எழுந்து வந்து, பலகையை விரித்து, ஏற்றி, மறுபடி மடக்கிவிட்டுப் போக நிமிடங்கள் ஆகும். பேருந்தில் உள்ள எல்லாரும் அந்த ஒருவரையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். அந்தப் பார்வைக்கு அஞ்சியே வெளியே கிளம்பாமல் இருப்பவர்கள் உண்டு. தரையும் மேடையும் சரியாகச் சேர்ந்தால், அவர் மற்றவர்களைப்போல் தாமாக உருண்டு உள்ளே போவார். யாரும் எழ வேண்டியதில்லை, யாரும் காத்திருக்க வேண்டியதில்லை. மலேசியாவின் 2008ஆம் ஆண்டு உடற்குறையுடையோர் சட்டம், 27ஆம் பிரிவில் பொதுப் போக்குவரத்தைப் பயன்படுத்தும் உரிமையைப் பேசுகிறது. அந்த உரிமை நடைமுறையில் இந்தச் சில சென்டிமீட்டரில்தான் அடங்கியிருக்கிறது.

இடைவெளியைக் குறைக்கப் பொறியாளர்கள் பல வழிகளைக் கண்டிருக்கிறார்கள்.

முதலாவது, சாலையோரக் கல்லை வளைவாக வார்ப்பது. ஜெர்மனியின் காசெல் நகரில் உருவான இந்தக் கல்லின் அடிப்பகுதி உட்குழிந்திருக்கும். டயர் அதில் ஏறத் தொடங்கியதும், பேருந்தின் எடையே அதைக் கீழே சறுக்கச் செய்து நேராக்கிவிடும். டயர் தேயாது, ஓட்டுநர் பயமின்றி நெருங்கலாம். மின்சாரமோ கணினியோ தேவையில்லை. புவியீர்ப்பு வேலை செய்கிறது.

இரண்டாவது, வழிகாட்டிச் சக்கரம். ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரில் 1986 முதல் ஓடும் ஓ-பான் தடம் ஏறக்குறைய 12 கிலோமீட்டர் நீளம். பேருந்தின் முன்சக்கரங்களோடு இணைந்த சிறு சக்கரங்கள் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும். அவை காங்கிரீட் தடத்தின் விளிம்பைத் தொட்டு உருளும். தடத்துக்குள் நுழைந்துவிட்டால் ஓட்டுநர் ஸ்டீயரிங்கைத் திருப்பவே வேண்டாம்.

மூன்றாவது, கண். பிரான்சின் ரூவான் நகரில் 2001 முதல், சாலையில் வரைந்த விட்டுவிட்டு வரும் கோடுகளைப் பேருந்தின் கேமரா படித்து, நிலையத்தை நெருங்கும்போது ஸ்டீயரிங்கைத் தானே திருப்புகிறது. இதே முறையை அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகரில் முயன்றபோது, தூசியும் எண்ணெய்க் கறையும் படிந்து கோடுகள் மங்கின. கேமராவால் படிக்க முடியாமல்போக, அந்த வசதியையே கைவிட்டார்கள். ஒரு தொழில்நுட்பம் ஓர் ஊரில் வென்றது என்பதற்காக எல்லா ஊரிலும் வெல்லும் என்று சொல்ல முடியாது. நம் நாட்டில் மழை கொட்டும்போது கோடுகளின் மேல் நீர் தேங்கும் என்பதையும் சேர்த்தே யோசிக்க வேண்டும்.

பக்கவாட்டு இடைவெளியைப்போல் உயர இடைவெளியும் உண்டு. 70 பேர் ஏறினால், ஒருவருக்கு 65 கிலோ என்று கொண்டாலும் நாலரை டன் எடை கூடுகிறது. இரும்பு வில் பொருத்திய பேருந்து தாழ்ந்துபோகும், மேடையோடு பொருந்தாது. அதனால் காற்றுப்பைகள் பொருத்துகிறார்கள். பேருந்து தாழ்வதை ஒரு வால்வு உணர்ந்து, பைக்குள் கூடுதல் காற்றைச் செலுத்தும். தரை பழைய உயரத்துக்கே வரும். நிறுத்தத்தில் பேருந்து புஸ்ஸென்று மூச்சுவிட்டு ஒருபக்கம் சாய்வதைப் பார்த்திருப்பீர்களே, அதுவும் இதே காற்றுப்பையின் வேலைதான்.

நடுவில் மடங்கும் பேருந்து

அதிகக் கதவு வேண்டுமானால் நீளமான பேருந்து வேண்டும். 18 மீட்டர் நீளத்தில் ஒரே துண்டாகச் செய்தால் நகரச் சந்திகளில் திரும்ப முடியாது. அதனால் இரண்டு துண்டுகளாகச் செய்து நடுவில் மூட்டு வைக்கிறார்கள். மூட்டைச் சுற்றி ஹார்மோனியத் துருத்திபோன்ற மடிப்புத் திரை இருக்கும். சிங்கப்பூர்ச் சாலைகளில் பல ஆண்டுகளாக நம்மவர்கள் பார்த்துப் பழகியவை இவை. குரிச்சிபா 1990களின் தொடக்கத்திலேயே இரண்டு மூட்டுகளும் ஐந்து கதவுகளும் கொண்ட, 25 மீட்டர் நீளப் பேருந்துகளை ஓட்டியது.

மூட்டில் ஒரு சிக்கல் உண்டு. இவ்வகைப் பேருந்துகள் பலவற்றில் எஞ்சின் கடைசித் துண்டில் இருக்கும். அது முன்துண்டை இழுக்காமல் பின்னாலிருந்து தள்ளுகிறது. கயிற்றை இழுத்தால் நேராக வரும், தள்ளினால் மடங்கும் அல்லவா? ஈரச் சாலையில் சக்கரம் வழுக்கினால், பேருந்து மடக்குக் கத்திபோல் நடுவில் மடங்கிவிட வாய்ப்புண்டு. இதைத் தடுக்க மூட்டில் எண்ணெய் நிரப்பிய உருளைகளை வைத்து, தேவைக்குமேல் மடங்கத் தொடங்கினால் அவை இறுகும்படி செய்திருக்கிறார்கள்.

மின்சாரமும் குளிரூட்டியும்

நின்று நின்று ஓடும் வண்டிக்கு மின்சாரம் ஏன் பொருத்தம் என்பதையும் கணக்கில் பார்க்கலாம். பயணிகளோடு சேர்த்து 18 டன் எடையுள்ள பேருந்து மணிக்கு 50 கிலோமீட்டரில் ஓடும்போது அதன் இயக்க ஆற்றல் ஏறத்தாழ 1.7 மெகாஜூல். மின்கட்டணப் பட்டியலில் வரும் கணக்கில் இது கிட்டத்தட்ட அரை கிலோவாட்-மணி. டீசல் பேருந்து நிற்கும் ஒவ்வொரு முறையும் இதை பிரேக்கில் வெப்பமாக்கி வீணடிக்கிறது. 20 நிறுத்தங்களுக்கு 10 கிலோவாட்-மணி. மின்சாரப் பேருந்து பிரேக் போடும்போது அதன் மோட்டாரே ஜெனரேட்டராக மாறி, இதில் ஒரு பங்கை மின்கலனுக்குத் திருப்பி அனுப்புகிறது.

பி.ஒய்.டி. பேருந்துகளில் உள்ள மின்கலன் லித்தியம் இரும்புப் பாஸ்பேட் வகை. அதே எடையுள்ள வேறு சில லித்தியம் மின்கலன்களைவிட இதில் சேமிக்கும் ஆற்றல் குறைவு. ஆனால், இதிலுள்ள பாஸ்பரஸ்–ஆக்சிஜன் பிணைப்பு வலுவானது; சூடேறினாலும் எளிதில் ஆக்சிஜனை வெளியேற்றாது. தீப்பிடிக்கும் ஆபத்து குறைவு. கைப்பேசிக்கு எடை பெரிது. நூறு பேரை ஏற்றும் பேருந்துக்குப் பாதுகாப்பு பெரிது.

நம் தட்பவெப்பத்தில் இன்னொரு செலவும் உண்டு. ஒவ்வொரு முறை கதவு திறக்கும்போதும் வெளியே உள்ள சூடான, ஈரமான காற்று உள்ளே வருகிறது. காற்றைக் குளிர்விப்பதோடு, அதிலுள்ள ஈரத்தை நீராக்கி வெளியேற்றவும் குளிரூட்டிக்கு ஆற்றல் தேவை. கதவுகள் கூடினால் இந்தச் செலவும் கூடும் என்பது உண்மைதான். ஆனால், மூன்று கதவு 15 வினாடி திறந்திருப்பதும் ஒரு கதவு 45 வினாடி திறந்திருப்பதும் ஏறக்குறைய ஒன்றே. நேரம் குறைந்தால் குளிரும் மிஞ்சும்.

நாம் கேட்க வேண்டியவை

நம் நாட்டில் இந்தப் பேச்சு ஓயவில்லை. ஜொகூரின் இஸ்கண்டார் மலேசியா வட்டாரத்தில் பி.ஆர்.டி. திட்டத்துக்காக 2021இல் பல தயாரிப்பாளர்களின் பேருந்துகளைச் சாலையில் ஓட்டிப் பார்த்தார்கள். சரவாக்கில், தண்டவாளமின்றி ரப்பர் சக்கரத்தில் ஓடும், மூன்று பெட்டிகள் கொண்ட ஹைட்ரஜன் வண்டி 2023இல் கூச்சிங்கில் சோதனை ஓட்டம் கண்டது. ஹைட்ரஜன் என்ற சொல்தான் செய்தித் தலைப்பில் இடம்பிடித்தது.

அடுத்த முறை உங்கள் ஊருக்கு ஒரு புதிய தடம் அறிவிக்கப்பட்டால், எரிபொருளைக் கேட்ட கையோடு இவற்றையும் கேளுங்கள். பேருந்துக்கு எத்தனை கதவு, எந்தப் பக்கம்? தரையும் மேடையும் ஒரே உயரமா? நிற்கும்போது இடைவெளி எத்தனை சென்டிமீட்டர்? கட்டணம் வண்டிக்குள்ளா, வெளியிலா? இவற்றுக்குத் தெளிவான பதில் இல்லையென்றால், அது தனித்தடத்தில் ஓடும் சாதாரணப் பேருந்தாகவே இருக்கும்.

செய்து பாருங்கள்

மாணவர்களுக்கு ஒரு சோதனை. பெற்றோரிடம் சொல்லிவிட்டு, பாதுகாப்பான ஒரு பேருந்து நிறுத்தத்தில் அமர்ந்துகொள்ளுங்கள். கைப்பேசியில் உள்ள நிறுத்தற்கடிகாரம் போதும். கதவு திறந்ததிலிருந்து மூடும்வரை எத்தனை வினாடி, அந்த நேரத்தில் எத்தனை பேர் ஏறி இறங்கினார்கள் என்று பத்துப் பேருந்துகளுக்குக் குறித்துக்கொள்ளுங்கள்.

பிறகு வரைபடத்தாளில் கிடையச்சில் ஆள் எண்ணிக்கையையும் செங்குத்தச்சில் வினாடியையும் குறியுங்கள். புள்ளிகளின் நடுவே ஒரு நேர்கோடு வரையுங்கள். கோட்டின் சரிவு, ஓர் ஆளுக்கு எத்தனை வினாடி ஆகிறது என்பதைச் சொல்லும். கோடு செங்குத்தச்சை வெட்டும் இடம், யாரும் ஏறாவிட்டாலும் கதவு திறந்து மூட மட்டும் ஆகும் நேரம். மழை நாளில் ஒருமுறை, வெயில் நாளில் ஒருமுறை செய்து இரண்டையும் ஒப்பிடுங்கள். கோட்டைவிட்டு வெகுதூரம் விலகி ஒரு புள்ளி நின்றால், அதை அழித்துவிடாதீர்கள். அந்தப் பேருந்தில் யார் ஏறினார், ஏற அவருக்கு ஏன் அவ்வளவு நேரம் பிடித்தது என்று பக்கத்திலேயே எழுதி வையுங்கள்.